இரண்டு வண்டிகள் வேண்டும்

ஆறு யாரையும்
ஏறிய இடத்தில் திருப்பி இறக்குவதில்லை.
அதனால் இரண்டு வண்டிகள் வேண்டும்.
ஒன்று மேலே, காட்டன்வுட் பாலத்தடியில்.
இன்னொன்று பதினோரு மைல் கீழே,
மாட்டுப்பட்டி தாண்டிய சரளைத் துறையில்.
என்னிடம் ஒரு வண்டி இருக்கிறது.
ராய்ஸிடம் ஒன்று.

விவாகரத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் பிரிந்தது.
வீடு எனக்கு. நாய் அவனுக்கு.
மிதவைப் படகுகள் தலைக்கு ஒன்று:
இரண்டு காற்றுக்குழாய், நடுவில் ஓர் இரும்புச் சட்டம்,
ஒரே ஒரு இருக்கை.
காற்றடிக்கும் பம்பை யாரும் பட்டியலில் எழுதவில்லை.
அது என் கொட்டகையிலேயே நின்றுவிட்டது.

ஜூன் இரண்டாம் வாரம் தொலைபேசி அடிக்கும்.
எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை.
"எவ்வளவு போகிறது?"
"வினாடிக்கு ஆயிரத்து நானூறு கன அடி.
நேற்று ஆயிரத்து அறுநூறு."
"நிறம்?"
"பால் தூக்கலான டீ. நாளைக்குத் தெளியும்."
"வியாழன்?"
"வியாழன் எதிர்காற்று. வெள்ளி."
கடைசி இரண்டு வருடக் குடித்தனத்தில்
இத்தனை கேள்விக்கு இத்தனை நேர்ப் பதில்
நாங்கள் சொல்லிக்கொண்டதே இல்லை.

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரிக்கிறேன்.
மூலைக்கு மூலை கனம்: உப்பு ஜாடி, நூல் சுருளி,
கட்டாத மின்சாரக் கட்டணத்தின் மேல் ஒரு கோப்பை.
மைலுக்கு நாற்பது நிமிடம்,
ட்ரௌட் கடிக்காவிட்டால்.
கடித்தால் கணக்கு ஏது.
மூன்றாம் மைலில் பண்ணைக்காரன்
ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய முள்வேலி.
இடது ஓரம் ஒதுங்கி, படகைத் தூக்கி நட.
ஆறாவது மைலில் ஆறு இரண்டாகப் பிரியும்.
வலது.
இடது என்று அவன் இன்றைக்கும் சொல்வான்.
இடதில் போய்
முழங்கால் நீரில் ஒரு மைல் கூழாங்கல்லை
உதைத்துக்கொண்டு வந்தது அவனுக்கு மறந்துவிட்டது,
என் சுண்டுவிரல் நகத்துக்கு மறக்கவில்லை.

குழாயில் காற்றைக் காலையில் கொஞ்சம்
தளர்வாகவே விட வேண்டும்.
மதிய வெயில் ஏறினால் தானாக விம்மும்.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
ஒரு தையல் பிரிந்துதான் தெரிந்தது.

பிறகு பட்டியல்.
உயிர்காப்பு அங்கி, மாற்றுத் துடுப்பு, கயிறு,
சால்மன்ஃபிளை போலக் கட்டிய ஈ ஒரு டஜன்
(நீர்க்கரைப் புதர்களுக்குக் காணிக்கை ஆறு),
ரொட்டி, வேகவைத்த முட்டை,
அவனுக்குக் கடுகுச் சாந்து இல்லாமல்.
கடைசியில் பெரிய எழுத்தில்:
கீழ் வண்டியின் சாவி.
அடிக்கோடு. இன்னொரு அடிக்கோடு.

ஒரு வருடம் அதை
மேல் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.
யார் விட்டது என்பதை நீதிமன்றமும் தீர்க்கவில்லை.
ஈரக் காலணியோடு அவன் திரும்பி நடந்தான்,
சரளைச் சாலையில், வழியில் ஒரு வண்டியும் வராமல்.
நான் கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்திருந்தேன்.
இருட்டியது. பூச்சிகள் நீரிலிருந்து எழுந்தன.
கைக்கெட்டும் தூரத்தில் மீன்கள் துள்ளின.
நாலு மணி நேரம்.
அவன் இல்லாத கரையில்
எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று
அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.
அதை வாய்விட்டுச் சொல்ல
மேலும் மூன்று ஜூன்கள் ஆயின.

இன்று ஈ வாங்க ஹேகன் கடைக்குப் போனேன்.
கல்லாவுக்குப் பின்னால் ஓர் அட்டை:
வண்டியைக் கீழ்த்துறையில் கொண்டுவிடுவோம்,
நாற்பது டாலர்.
புது அட்டை இல்லை. ஓரமெல்லாம் மஞ்சள்.
ராய்ஸும் இங்கேதான் ஈ வாங்குகிறான்.
பம்பும் இங்கே தொங்குகிறது, பதினெட்டு டாலர்.

சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.
வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி.
"வெள்ளி ஐந்தரை. உன் வண்டியைக் கீழே நிறுத்து,
நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.
பம்பு உன்னிடம்தானே?"
"என்னிடம்தான்" என்றேன்.
"சாவி?"
"எழுதியிருக்கிறேன்."